உந்துதலின் கையெழுத்து

வாரியம் தோன்றிய விதம் எல்லோருக்கும் தெரியும். ஒரு புத்தகக் கூட்டத்தில் வாசகர் ஒருவர் எழுந்து, "இந்த நாவலுக்கான உந்துதல் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?" என்று மேடையிலிருந்த நாவலாசிரியரிடம் கேட்டார். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தெரியலைங்க" என்றார். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அடுத்த வாரம் இன்னோர் ஊரில் இன்னொருவர் அதையே சொன்னார். மூன்றாவதாக ஒரு பெண்மணி, "அப்படி ஒன்னு கண்டிப்பா இருக்கணுமா?" என்று திருப்பிக் கேட்டதும் மக்களின் பொறுமை போய்விட்டது. மூலம் தெரியாத நாவல்கள் வீடுகளுக்குள் புழங்குகின்றன, குழந்தைகள் கையில் கிடைக்கின்றன என்று பத்திரிகைகள் எழுதின. ஆறே மாதத்தில் படைப்புந்துதல் சரிபார்ப்பு வாரியம் வந்துவிட்டது. நான்கு மாடிக் கட்டடம். ஒவ்வொரு மாடியிலும் குடிநீர்.

இனி எந்த நாவலும் அச்சுக்குப் போகுமுன் அதன் உந்துதல் பதிவாக வேண்டும். முத்திரை இல்லாத நாவலை நூலகங்கள் வாங்காது, கடைகள் அடுக்காது.

"உங்களுக்கு என்ன மேடம் கஷ்டம்?" என்றார் என் பதிப்பாளர் தொலைபேசியில். "ஒரே ஒரு படிவம். நீங்க முந்நூறு பக்கம் எழுதுற ஆளு."

நான் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் அறிக்கைகளைத் தட்டச்சு செய்கிறவள். சர்க்கரை, உப்பு, கொழுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண், அதற்கு எதிரே இருக்கவேண்டிய அளவு. நாவல் எழுதுவது காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை, சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில். ஏழு மணிக்கு அக்கா எழுந்து வந்து என் காகிதங்களை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுத் தேநீர் தம்ளரை வைப்பாள். அன்றைய எழுத்து அதோடு முடிந்தது. இப்படியே மூன்று நாவல்கள் எழுதிவிட்டேன். அக்கா ஒன்றையும் படித்ததில்லை. "பொடி எழுத்து, கண்ணு வலிக்குதுடி" என்பாள். நானும் வற்புறுத்தியதில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் சில கதவுகளைத் தட்டாமலிருந்தால்தான் நிம்மதி.

படிவம் கணினியில் இருந்தது. பெயர், வயது, எழுதும் நேரம், எழுதும்போது பார்க்கும் திசை, முதல் வரி முதலில் வந்ததா பிறகு வந்ததா, இளம் எழுத்தாளர்களுக்கு அறிவுரை (குறைந்தது மூன்று). ஏழாவது கேள்வி உந்துதல். பட்டியல் ஒன்று கொடுத்திருந்தார்கள். ஆறு, மலை, மழை, வறுமை, காதல் தோல்வி, காலமான தாய், காலமான தந்தை, ரயில் பயணம், இதர (உயிருள்ள நபர்). 'தெரியாது' இல்லை. காலியாக விட்டால் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. ஆறு என்று அழுத்தினேன், நீளம் கேட்டது. வறுமை என்று அழுத்தினேன், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்றது. தாய் என்று அழுத்தினால் இறப்புச் சான்றிதழை இணைக்கச் சொன்னது. அந்தக் காகிதத்தை இதற்காகப் பெட்டியிலிருந்து எடுக்க மனம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலிலிருந்து அக்கா கத்தினாள்.

"அடியே, கார் சாவிய எங்க வெச்ச?"

"நான் ஏன்க்கா வைக்கப் போறேன்? பையில பாரு."

"பையில இருந்தா உன்ன எதுக்குடி கேக்கறேன்?"

போய்ப் பார்த்தேன். சாவி அவள் கையிலேயே இருந்தது. "இதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள். சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, 'இதர' என்பதை அழுத்தி, 'அக்கா' என்று தட்டினேன். படிவம் உடனே நகர்ந்தது. இருபது வருடமாக எழுதுகிறேன், இவ்வளவு யோசிக்காமல் ஒரு சொல்லைப் போட்டதில்லை.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. எனக்கல்ல, அக்காவுக்கு.

'உந்துதலாகிய தங்களுக்கு' என்று அது தொடங்கியது. 'வரும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தாங்கள் நேரில் தோன்றி, தங்கள் உந்துதன்மையை மெய்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். உந்தியதற்கான ஆதாரங்களை உடன் கொண்டுவரவும்.'

அக்கா இரண்டு தடவை படித்தாள். "உந்துதலா? என்னடி இது, நின்னுபோன வண்டியத் தள்ளக் கூப்பிடுறாங்களா?"

"எழுதத் தூண்டுனவங்கன்னு அர்த்தம்க்கா."

"நான் எங்க உன்னத் தூண்டுனேன்? கண்ணு கெட்டுப் போயிடும், எந்திரின்னுதானே சொல்லியிருக்கேன்?"

"சும்மா போட்டேன். வேற வழி தெரியல."

"ஓ, சும்மாவா?" கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் வெட்கம் போல ஏதோ ஒன்று வந்துபோனது. "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எனக்கு ஒரு ரிவர்ஸ் கிளாஸ் இருக்கே. சரி, மாத்திக்கிறேன்."

அந்த வெட்கத்தைப் பார்த்திராவிட்டால் அன்றைக்கே வாரியத்துக்கு எழுதி அவள் பெயரை நீக்கியிருப்பேன்.

அக்கா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநர். இரண்டு பக்கமும் பிரேக் வைத்த வெள்ளைக் கார் ஒன்று அவள் பொறுப்பில் இருக்கிறது. அதில்தான் என்னை வாரியத்துக்கு அழைத்துப் போனாள்.

இரண்டாம் மாடியில் சரிபார்ப்பு அலுவலர் இருந்தார். நடுத்தர வயதுப் பெண். எதைக் கேட்டாலும் வியக்காத முகம். மேசையில் ஒரு ஸ்டேப்ளர், காகிதத்தில் துளை போடும் கருவி ஒன்று.

"நீங்கதான் உந்துதலா?"

"ஆமாங்க."

"எத்தன வருஷமா?"

அக்கா வேலையைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். "பதினெட்டு வருஷமா."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை லீவுங்க."

அலுவலர் குறித்துக்கொண்டார். "உங்க முறை என்ன? எப்படி உந்துறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டாள். "முதல்ல பயத்த எடுக்கணும்ங்க. பாதிப் பேரு உக்காந்ததுமே கைய இறுக்கிக்குவாங்க. இறுக்காத, அது எங்கயும் ஓடிப் போயிடாதுன்னு சொல்லுவேன். அப்புறம் கிளட்ச். எல்லாமே அதுலதான் இருக்கு. சடார்னு விட்டா தூக்கி அடிச்சு நின்னுடும். மெதுவா விடணும், மெதுவா, மெதுவா... எங்கயோ ஒரு இடத்துல லேசா நடுங்கும். அங்க கால அப்படியே வெச்சுக்கணும். அந்த இடம் பிடிபட்டுடுச்சுன்னா மிச்சம் தானா வந்துடும்."

அலுவலரின் பேனா நின்றது. எழுந்து போய்ச் செயலாளரை அழைத்துவந்தார்.

செயலாளர் நாவல் எழுதுவது எப்படி என்பது பற்றிப் பதினான்கு நூல்கள் எழுதியவர். நாவல் எழுதியதில்லை. அக்கா சொன்னதை அலுவலர் படித்துக் காட்டினார். 'எங்கயோ ஒரு இடத்துல லேசா நடுங்கும்' என்ற இடம் வந்தபோது செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அம்மா, இதைத்தான் நான் பதினான்கு நூல்களில் சொல்ல முயன்றேன். முடியவில்லை. பதினைந்தாவது நூலுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தேன், அதுவும் இப்போது கிடைத்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். உந்து என்றால் என்ன? வாகனம். பேருந்து, மகிழுந்து, சரக்குந்து. உந்துதல் என்றால் என்ன? படைப்பின் தூண்டல். நம் மொழி இரண்டையும் ஒரே வேரில் ஏன் வைத்திருக்கிறது? இப்படி ஒருவர் என்றைக்காவது இந்த வாசல் வழியாக வருவார் என்று அதற்குத் தெரியும்!"

அக்கா மரியாதைக்கு எழுந்து நின்றாள். "சார், லைசன்ஸ் கொண்டு வந்திருக்கேன். வேணுங்களா?"

வேண்டும் என்றார்கள். அக்காவின் ஓட்டுநர் உரிமத்தின் நகல், உந்தியதற்கான ஆதாரமாக என் நாவலின் கோப்பில் சேர்ந்தது. அலுவலர் அதற்குத் துளை போட்டார்.

பதினைந்து நாளில் வாரியத்தின் எல்லா மாடிகளிலும், குடிநீர்க் குழாய்க்கு மேலே, சுவரொட்டிகள் வந்துவிட்டன. 'கையை இறுக்காதே, அது எங்கும் ஓடாது.' 'சடாரென்று விட்டால் நின்றுவிடும்.' 'பின்னால் ஹார்ன் அடிப்பவனுக்காக நீ ஓட்டாதே.' ஒவ்வொன்றின் கீழும் அக்காவின் படம். உரிமத்திலிருந்து எடுத்த படம் என்பதால் ஒரு குற்றவாளியைப் போல் இருந்தாள். வாரியம் அவளை உந்துதல் ஆலோசகராக நியமித்து ஓர் அடையாள அட்டையும் கொடுத்தது. சனிக்கிழமைதோறும் நாவலாசிரியர்கள் பதினொரு பேர் வாரியத்தின் பின்புற மைதானத்தில் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக வெள்ளைக் காரில் ஏறி, கிளட்சை விட்டு, நடுக்கத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு இறங்கினார்கள். குடும்பப் பெருங்கதைகளுக்குப் பெயர்போன ஒரு மூத்த நாவலாசிரியர் நடுக்கம் வருவதற்கு முன்பே பரவசமாகி, வாரியத்தின் பெயர்ப்பலகையில் மோதினார்.

"ஏங்க, கண்ணத் திறந்துட்டு ஓட்டுங்க!" என்று அக்கா கத்தினாள்.

பதினொரு பேரும் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

செயலாளர் அன்றைக்கு ஓரமாக நின்று என்னிடம் மனம் விட்டுப் பேசினார். "நான் ஏன் நாவல் எழுதவில்லை என்று பலர் கேட்கிறார்கள். நேரமின்மை என்று நினைக்கிறார்கள். இல்லை. நேர்மை. நாவல் எழுதிய ஒருவன் நாவலைப் பற்றிப் பேசினால் அவன் தன் அனுபவத்தைப் பேசுவான். அது ஒருதலைப்பட்சம். எழுதாதவனால் மட்டும்தான் எல்லோருக்கும் பொதுவாக அறிவுரை சொல்ல முடியும். வாரியத்தில் நாங்கள் அறுபத்திரண்டு பேர். ஒருவரும் எழுதியதில்லை. வேலைக்கு எடுக்கும்போதே அதைப் பார்த்துத்தான் எடுக்கிறோம்."

தலையாட்டினேன். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் என் தலை தானாகவே ஆடுகிறது. அதைப் பற்றி ஒரு நாள் எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுதத்தான் முடியவில்லை. உந்துதல் உறுதியானபின் எழுத்து வாழ்க்கையைப் பதிவு செய்வது அடுத்த கட்டம். சரிபார்ப்பு அலுவலர் ஒரு வாரம் தினமும் காலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுத்தார். அவர் கொடுத்துவிட்டுப் போன நகலில் முதல் நாளைப் படித்தேன். '5.40 எழுத்தாளர் சுவரைப் பார்க்கிறார். 5.55 சுவர். 6.10 சுவர். 6.25 ஒரு சொல். 6.26 அதை அடித்துவிட்டார். 6.30 சுவர்.'

நான்காம் நாள் அவர் தாங்கமாட்டாமல் கேட்டார். "தப்பா நினைக்காதீங்க. அந்தச் சுவத்துல என்ன இருக்கு?"

"ஒன்னும் இல்லைங்க."

"ஒன்னுமே இல்லாதத ஒன்றரை மணி நேரம் பாக்கறீங்க. அலுவலகத்துல நான் இப்படிப் பாத்தா விளக்கம் கேப்பாங்க." அவர் எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் தன் நாற்காலியை நான் உட்கார்ந்திருந்த பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அவரும் பார்த்தார். ஏழு மணிக்கு அக்கா தேநீர் கொண்டுவந்தபோது நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உங்களுக்கும் தொத்திக்கிச்சா?" என்றாள் அக்கா.

அலுவலர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் குறிப்பேட்டில் அவர் அதை எழுதவில்லை.

இப்படியே போயிருந்தால் நானும் இதைச் சிரித்துத் தாண்டியிருப்பேன். அடுத்த மாதம் புதிய விதி வந்தது. உயிருள்ள நபரை உந்துதலாகக் கொண்ட நாவல்களில், ஒவ்வோர் அத்தியாயத்தையும் அந்த நபர் படித்து, எத்தனை சதவீதம் தன்னிடமிருந்து வந்தது என்று குறித்துக் கையெழுத்திட வேண்டும்.

நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இருபத்தொரு வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம் அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரே ஒரு பை. கதவைத் திறந்தது நான். "குழந்தை எங்கக்கா?" என்று கேட்டேன். "தூங்குது" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளும் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அம்மா கேட்காமலேயே போய்ச் சேர்ந்தாள். அக்கா வந்தபோது குழந்தைக்கு மூன்று வயது. தன் அப்பாவிடமே வளர்ந்தாள், பிறகு அவர்கள் ஊர் மாறிப் போய்விட்டார்கள். இப்போது எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியுமா என்பதும் தெரியாது.

என் நாவலின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பெண், தூங்குகிற குழந்தையின் விரல்களைத் தன் உடையின் நுனியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துவிட்டு வெளியே நடக்கிறாள். பதினான்கு பக்கம். நான் அக்காவிடம் கேட்டு எழுதவில்லை. கேட்காமலிருப்பதற்குப் பெயர் மரியாதை என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். எழுதி முடித்தபிறகுதான், கேட்காமல் இருந்தது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது என்று புரிந்தது. கேட்டிருந்தால் அவள் சொன்னதை அல்லவா எழுதியிருக்க வேண்டும்?

மறுநாளே வாரியத்துக்கு ஓடினேன்.

"உந்துதல மாத்தணும்" என்றேன் அலுவலரிடம்.

"எதுக்கு மாத்துறீங்க?"

"ஆறு."

"எந்த ஆறு?"

"ஏதாவது ஒரு ஆறுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "பழைய உந்துதல்கிட்ட இருந்து ஆட்சேபணை இல்லைன்னு கடிதம் வேணும். இல்லைன்னா இறப்புச் சான்றிதழ்."

"உயிரோடதான் இருக்காங்க. கீழ மைதானத்துல கிளாஸ் எடுத்துட்டு இருக்காங்க."

"அப்பக் கடிதம்தான். ஏன் மாத்துறீங்கன்னு அவங்களுக்குத் தெரியப்படுத்தி, அத அவங்க புரிஞ்சுக்கிட்டதா எழுதிக் கொடுக்கணும்."

"அப்ப நான் இந்த நாவலையே நிறுத்திக்கிறேன்."

அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு மஞ்சள் படிவத்தை எடுத்தார். "நிறுத்துறதுக்கு இது. ஆறாவது வரியில நிறுத்துறதுக்கான உந்துதல் யாருன்னு போடணும்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "நிறுத்தாதீங்க. வீட்டுலயே கையெழுத்து வாங்கிக் கொண்டு வந்துடுங்க. படிச்சாங்களா இல்லையான்னு யாரு வந்து பாக்கப் போறா?"

அவர் சொன்னபடியே செய்தேன். இருபது அத்தியாயங்களுக்குமான சான்றிதழ்களைச் சமையலறையில் அக்காவின் முன்னால் அடுக்கினேன்.

"எத்தன சதவீதம் போட?"

"பத்து போடுக்கா."

"பத்தா? அவ்வளவுதானா நானு? ஊரெல்லாம் என் மூஞ்சிய ஒட்டி வெச்சிருக்காங்க. இருபது போடுறேன் போ."

இருபது, இருபது, இருபது என்று போட்டுக்கொண்டே போனாள். பன்னிரண்டாவது தாளுக்கும் இருபது போட்டு, கையெழுத்திட்டு, அடுத்ததை எடுத்தாள். என் மூச்சு அப்போதுதான் திரும்பி வந்தது. திரும்பி வந்ததை நினைத்து எனக்கே அசிங்கமாக இருந்தது.

ஒன்பது நாள் கழித்து எங்கள் இருவரையும் அழைத்தார்கள். செயலாளரின் அறை. மேசையில் என் நாவலின் கோப்பு விரிந்திருந்தது.

"பத்தொன்பது அத்தியாயங்களில் பிரச்சினை இல்லை" என்றார் செயலாளர். "எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வாகனம் வருகிறது. பேருந்து, லாரி, ஓரிடத்தில் சைக்கிள். ஆனால் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் வாகனமே இல்லை. கணினி அதைப் பிடித்துவிட்டது. உந்துதல் வாகனம் ஓட்டுபவர். பாத்திரம் ஏன் நடந்து போகிறது? அம்மாவோ இதற்கும் இருபது சதவீதம் போட்டிருக்கிறார். இருபது எப்படி வந்தது? இதை அவர் இங்கே, எங்கள் முன்னிலையில் படித்து, சரியான அளவைக் குறிக்க வேண்டும்."

"சார், அவங்களுக்குக் கண்ணு சரியில்ல. பொடி எழுத்து" என்றேன்.

"பெரிய எழுத்தில் அச்செடுத்து வைத்திருக்கிறோம்" என்றார் அவர், பெருமையாக.

அக்கா தாள்களை வாங்கிக்கொண்டாள். "கொடுங்க சார், அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

நாற்பது நிமிடம் ஆனது. அலுவலர் தேநீர் வரவழைத்தார், அது ஆறிப் போனது. செயலாளர் பதினைந்தாவது நூலின் மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அக்கா விரலை எச்சில்படுத்தி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். மூன்றாம் பக்கத்தில் அவளுடைய கால் ஆடுவது நின்றது. நான் எழுதிய பக்கங்கள் எனக்கு மனப்பாடம் என்பதால், அவள் எந்த வரியில் இருக்கிறாள் என்று என்னால் சொல்ல முடிந்தது. இதோ குழந்தையின் விரல்கள். சுண்டுவிரல், மோதிரவிரல். இதோ கதவு. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மனுஷியின் மேல் நான் ஒவ்வொரு வரியாக நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைக் கலை என்று சொல்லி மூன்று கூட்டங்களில் நான் பேசியிருக்கிறேன். தாளை வாங்கிக் கிழித்துப் போட்டிருக்கலாம். அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போயிருக்கலாம். எதுவும் செய்யாமல் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். நாவலில் என் பாத்திரங்கள் இப்படி உட்கார்ந்தால் நான் அடித்துவிட்டு மறுபடியும் எழுதுவேன்.

கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு அவள் ஒரு பக்கம் பின்னால் திருப்பினாள். அங்கே ஏதோ ஒன்றைத் திரும்பப் படித்தாள். பிறகு தாள்களைத் தட்டி, அடுக்கி, மேசைமேல் வைத்தாள். பேனா கேட்டாள். சான்றிதழில் இருபதை அடித்துவிட்டு வேறொன்றை எழுதி, கையெழுத்துப் போட்டாள்.

அலுவலர் எடுத்துப் படித்தார். "பூஜ்யம்."

"பூஜ்யமா?" என்றார் செயலாளர்.

"இது நான் இல்லைங்க" என்றாள் அக்கா. சனிக்கிழமை மைதானத்தில் பேசுகிற அதே குரல். "இந்த மாதிரி ஒரு பொம்பளையை எனக்குத் தெரியாது."

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கள். இதில் வருவது உங்கள் அக்கா இல்லையா?"

இல்லை என்றால், படிவத்தில் பொய் சொன்னவள் நான். நாவல் போய்விடும், ஆறு வருடத்து விடியற்காலைகளும் அதோடு போய்விடும். ஆமாம் என்றால், அலுவலர் ஒரு தாள் எடுத்து என்ன நடந்தது, எந்த வருடம், குழந்தையின் பெயர் என்ன என்று அக்காவிடம் கேட்கத் தொடங்குவார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த துளைக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார்" என்றேன்.

"வேறு யாராவது?"

"இல்ல சார்."

"ஆறு? மலை?"

"எதுவும் இல்ல சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். அந்தத் தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டார். "அப்படியென்றால் இது தூய கற்பனை. தெரியுமா உங்களுக்கு? வாரியம் தொடங்கி ஆயிரத்து நானூறு நாவல்களைப் பரிசோதித்துவிட்டோம். எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் அகப்பட்டுக்கொண்டார். ஒரு மாமா, ஓர் ஆசிரியை, ஒரு பக்கத்து வீட்டுக்காரர். கலப்படமில்லாத ஓர் அத்தியாயம்கூடக் கிடைக்கவில்லை. கற்பனை என்று ஒன்று இல்லை போலிருக்கிறது என்று நாங்களே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டோம். இதோ, பதினான்கு பக்கம்! உந்துதலே முன்வந்து மறுத்திருக்கிறது! இதைவிட என்ன சான்று வேண்டும்?"

இரும்புப் பெட்டியிலிருந்து அதுவரை பயன்படுத்தாத ஒரு முத்திரையை எடுத்தார். மை ஒட்டவில்லை. அலுவலர் வாங்கி ஊதிக் கொடுத்தார். பதினான்கு பக்கங்களிலும் செயலாளரே தன் கையால் குத்தினார்: 'தூய கற்பனை. வாரியத்தின் பாதுகாப்பில் உள்ளது. ஓர் எழுத்தும் மாற்றலாகாது.'

"ஒரு எழுத்துகூடவா?" என்று கேட்டேன்.

"கால்புள்ளிகூட. இனிமேல் யார் சொல்லி நீங்கள் எதை மாற்றினாலும், அந்த யாரோ உள்ளே வந்துவிடுவார். கலப்படமாகிவிடும். நாவலை அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள். வாழ்த்துகள்."

படியிறங்கும்போது இரண்டாம் மாடியில், குடிநீர்க் குழாய்க்கு மேலே, அக்காவின் படத்தைக் கடந்தோம். இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

காரில் ஏறினோம். அவள் இருக்கைப் பட்டையைப் போட்டுக்கொண்டு, நான் போட்டிருக்கிறேனா என்று பார்த்தாள். பிரதான சாலைக்கு வந்தோம். பள்ளி விடுகிற நேரம், நெரிசல். என்னிடம் மன்னிப்புக்கான வாக்கியங்கள் நிறைய இருந்தன. எல்லாமே நன்றாக எழுதப்பட்டவை. அதனாலேயே ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

"அக்கா..." என்றேன்.

"அவ தெருமுனையில நின்னு திரும்பிப் பாத்தான்னு எழுதியிருக்க" என்றாள் அவள். சாலையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

"ம்."

"பாக்கல."

முன்னால் ஒரு லாரி நின்றது. இவளும் நிறுத்தினாள். கார் குலுங்காமல் நின்றது.

"பாத்திருந்தா போயிருக்க மாட்டா. அதான் பாக்கல. உனக்கு எப்படிடி இது தெரியாமப் போச்சு?"

அந்த வரிக்காக நான் எத்தனை விடியற்காலை சுவரைப் பார்த்தேன் என்பதற்கு வாரியத்தில் கணக்கு இருக்கிறது. அது இல்லாவிட்டால் அந்தப் பெண்ணை யாருக்கும் பிடிக்காமல் போய்விடும் என்று பயந்தேன். வாசகர்களுக்கு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு. தூங்குகிற குழந்தையை விட்டுவிட்டு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் வந்த ஒருத்திக்கு இருபத்தொரு வருடம் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட எனக்குத் தைரியம் வேண்டியிருந்தது. அதனால் அவளைத் திரும்பிப் பார்க்க வைத்தேன். அந்தப் பதினான்கு பக்கத்தில் வாரியத்தின் முத்திரை பொருந்துகிற ஒரே வரி அதுதான்.

"அத மட்டும் மாத்திடு" என்றாள் அக்கா. "மத்ததெல்லாம் இருக்கட்டும். நல்லாத்தான் எழுதியிருக்க."

"மாத்த முடியாதுக்கா. முத்திர குத்திட்டாங்க."

"ஒரு வரிதானேடி?"

"ஒரு எழுத்துகூட முடியாது. மாத்துனா யாரு சொன்னாங்கன்னு கேப்பாங்க."

லாரி நகர்ந்தது. பின்னால் வரிசையாக ஹார்ன் அடித்தார்கள். அவள் அவசரப்படவில்லை. கியரை மாற்றிவிட்டு, கையை அப்படியே அதன்மேல் வைத்திருந்தாள். அந்தக் கையைத் தொடலாமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது ஸ்டியரிங்குக்குப் போய்விட்டது.

எங்கள் தெருவுக்குள் திரும்பும்போதுதான் பேசினாள்.

"அப்ப, பாத்தவளாவே இருந்துட்டுப் போகட்டும்."